பள்ளிக்கூடமா? பிரசங்க மண்டபமா?

நம் நாட்டில் பள்ளிக்கூடத்துக்கு யார் என்ன சீர்திருத்தம் சொன்னாலும் அதற்கு முதல் ஆட்சேபணை வெளியிலிருந்து வருவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு உள்ளேயிருந்துதான் வருகின்றது. புதுக் கட்டடம் கட்டுகிறோம் என்றால் உபாத்தியாயர்களுக்குச் சந்தோஷம். சம்பளத்தை உயர்த்துகிறோம் என்றால் சந்தோஷம். ஆனால், “அய்யா, நீங்கள் பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பிள்ளைகள் பேசவும், கேள்வி கேட்கவும், கையால் செய்து பார்த்துத் தாங்களே தெரிந்துகொள்ளவும் இடம் விடுங்கள்” என்று சொல்லிவிட்டால் மாத்திரம், “அதெல்லாம் நடக்காத காரியம்” என்று ஒரே குரலாய்ப் பதில் வந்துவிடுகின்றது.

இந்த ஒரே குரலுக்குக் காரணம் என்ன என்று யோசித்துப் பார்க்க வேண்டியது அவசியமாகும்.

முதலாவது, ஒருவர் பேச, அறுபது பேர் வாயை மூடிக்கொண்டு கேட்பது என்கின்ற முறை எப்படி வந்தது? அச்சு யந்திரம் இல்லாத காலத்தில் ஊருக்கு ஒரு சுவடி இருக்கும். சுவடி வைத்திருந்தவன் வாசித்தான். மற்றவன் காதால் கேட்டுக்கொண்டான். அய்ரோப்பாவின் பழைய சர்வகலாசாலைகளிலும் கதை இதுதான். அந்தக் காலத்துக்கு அது சரி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூட்டன்பர்க் அய்ரோப்பாவில் அச்சுக்கூடம் வைத்து 570 வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்குப் பிள்ளையின் பையில் புத்தகம் இருக்கின்றது. அப்பன் கைப்பேசியில் உலகத்துப் புத்தகசாலையே இருக்கின்றது. அப்படியிருந்தும், புத்தகத்தில் இருப்பதையே ஒருவர் நின்று ஒப்பிப்பதும், அதைப் பிள்ளை திருப்பி ஒப்பிப்பதும் கல்வி என்றால் இதில் புத்திக்கு என்ன வேலை இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

அதிலும் நம் நாட்டில் இந்த முறைக்கு வேறு நாட்டில் இல்லாத ஒரு விசேஷம் உண்டு. இங்கே கேட்பதற்கே ஜாதி இருந்தது. வேதம் என்பது காதால் கேட்டு நெட்டுருப் போடுவது. அதைச் சூத்திரன் கேட்டுவிட்டால் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி அவன் காதில் ஊற்ற வேண்டும் என்று கவுதம தர்ம சூத்திரம் எழுதி வைத்தது. குரு சொன்னால் சொன்னதுதான். ஏன் என்று கேட்பது பாவம். மாதா, பிதாவுக்கு அடுத்தபடி தெய்வத்துக்கும் முன்னால் குருவை நிறுத்தினார்கள். குரு சொல்லிக் கொடுக்காமலே தானாகப் பழகி வில் வித்தையில் தேர்ந்த ஏகலைவனுக்கு என்ன கிடைத்தது? கட்டை விரலை வெட்டி வாங்கிக்கொண்டார்கள். கதை என்றே வைத்துக்கொள்வோம். தானாகக் கற்றுக்கொள்ளுகின்ற பிள்ளையைப் பார்த்து ஒரு குருவுக்கு என்ன தோன்ற வேண்டும் என்பதைத்தானே அந்தக் கதை எழுதினவன் சொல்லியிருக்கிறான்? அந்தத் துரோணாச்சாரியின் பேரால் நாம் இன்றும் விருது கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றால் நம் புத்தி எங்கே இருக்கின்றது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. “பிள்ளைகள் தாங்களே கற்றுக்கொள்வது என்பதெல்லாம் சீமைச் சரக்கு, நம் ஊருக்கு ஒத்து வராது” என்கின்ற சமாதானம் ஒன்று உண்டு. இது சரித்திரம் தெரியாத பேச்சு. 1789இல் சென்னை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மேற்பார்வையாளராக வந்த ஆண்ட்ரூ பெல் என்கின்ற பாதிரி, நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளிக்கூடத்தில் வைத்து, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்படி ஏற்பாடு செய்து, 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். “சென்னை முறை” என்கின்ற பேரோடேயே அது சீமைக்குப் போயிற்று. அதிலும் நெட்டுரு இருந்தது, கண்டிப்பு இருந்தது என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக் கொடுக்க முடியும் என்பதை உலகத்துக்குக் காட்டின இடங்களில் எழும்பூரும் ஒன்று. பின்னாலும், ரோமாபுரியில் 1907இல் ஏழைக் குடித்தனக்காரர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, அவர்கள் கையால் எடுத்து, அடுக்கி, தொட்டுக் கற்றுக்கொள்ளும்படி செய்த மாண்டிசோரி அம்மையார், 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆகவே, சரக்கு சீமையினுடையது என்கின்ற சாக்கு செல்லாது.

சமீப காலத்து சங்கதிக்கு வருவோம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் என்று ஒரு முறையைத் தொடங்கினார்கள். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ரிஷி வேலியார் கிராமப் பள்ளிக்கூடங்களில் செய்து வந்ததைப் பார்த்து வந்து செய்தது அது. 2007-08இல் அது தமிழ்நாட்டின் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் வந்தது. அதில் நடந்த மாறுதல்களைக் கவனியுங்கள். பாடம் அட்டைகளாகப் பிரிந்தது. பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்து, தன் வேகத்தில், ஏணிப்படி ஏறுவது போல் ஏற வேண்டும். பிள்ளைகளின் கைக்கு எட்டுகின்ற உயரத்தில் சுவரோரம் கரும்பலகை வந்தது. உபாத்தியாயர் மேசையை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டும்.

அட்டைக்கு வந்த ஆட்சேபணை கொஞ்சம்; கரும்பலகைக்கு வந்த ஆட்சேபணை கொஞ்சம்; பாய்க்கு வந்த சங்கடந்தான் அதிகம் என்று நாம் கருதுகின்றோம். நாற்காலி என்பது நம் நாட்டில் உட்காருகின்ற சாமான் மாத்திரம் அல்ல. யார் மேலே, யார் கீழே என்று காட்டுகின்ற சாமான்.

உபாத்தியாயர்கள் வெளிப்படையாகச் சொல்லுகின்ற காரணங்களை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

“இப்படிச் செய்தால் பாடம் முடியாது” என்பது முதல் காரணம். யாருக்கு முடியாது என்று கேட்கின்றோம். உபாத்தியாயரின் வாய் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டால் பாடம் முடிந்ததாக அர்த்தமா? அமெரிக்காவில் சர்வகலாசாலைகளின் விஞ்ஞான, கணித வகுப்புகளைப்பற்றிச் செய்த 225 ஆராய்ச்சிகளை ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்து 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பிரசங்கம் மாத்திரம் கேட்ட வகுப்பில் தேறாமல் போனவர்கள் 100க்கு ஏறக்குறைய 34 பேர். மாணவர்கள் தாங்களே யோசித்தும் விவாதித்தும் படித்த வகுப்பில் 22 பேர். முதல் வகுப்பில் “பாடம் முடிந்தது” என்பதற்கு, கூடுதலாகப் பன்னிரண்டு பேரையும் சேர்த்து முடித்தது என்றுதானே அர்த்தம்?

“நாங்கள் பேசினால் பிள்ளைகளுக்கு நன்றாய்ப் புரிகிறதே, அவர்களே சொல்லுகிறார்களே” என்பது இரண்டாவது. இதற்கும் ஹார்வர்டு சர்வகலாசாலையில் பவுதிக வகுப்பில் பரிசோதனை செய்து 2019இல் பதில் சொல்லிவிட்டார்கள். நல்ல பிரசங்கத்தைக் கேட்ட மாணவர்கள் தாங்கள் அதிகம் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். பரீட்சை வைத்துப் பார்த்ததில், தாங்களே முயன்று படித்தவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கதாகாலட்சேபம் கேட்டுவிட்டு வருகிறவனைக் கேட்டால், “ஆகா, எல்லாம் விளங்கிற்று” என்றுதான் சொல்லுவான். என்ன விளங்கிற்று என்று கேட்டால் பாகவதரின் குரலைப்பற்றிச் சொல்லுவான்.

“சத்தம் அதிகமாகிறது, கட்டுப்பாடு போய்விடுகிறது” என்பது மூன்றாவது. பிணம் கிடக்கின்ற வீட்டில் அழுகைச் சத்தமாவது இருக்கும்; நம் வகுப்புகளில் சிலவற்றில் அதுகூட இல்லை. அந்த மவுனத்துக்குக் கட்டுப்பாடு என்று பேர் வைத்திருக்கிறார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கோதண்டம் போட்டுத் தொங்கவிட்டதும் கட்டுப்பாட்டின் பேரால்தான். 2009ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. பிரம்பு போனாலும் பிரம்பு செய்த வேலையைப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கின்றது.

“பிள்ளைகள் அதிகம், வேலை அதிகம், பரீட்சை வேறு இருக்கிறது” என்பது நான்காவது. இதில் நியாயம் இருக்கின்றது என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். அந்தச் சட்டமே ஆரம்பப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் உபாத்தியாயர் வேண்டும் என்கின்றது. ஜனக்கணக்கு, தேர்தல், பேரிடர் தவிர வேறு வேலை கொடுக்கக் கூடாது என்கின்றது. ஆனால் நடப்பில் அவர் புள்ளிவிவரக் கணக்கராகவும் இருக்கிறார், கைப்பேசியில் விவரம் ஏற்றுகிறவராகவும் இருக்கிறார். பரீட்சையோ நெட்டுருவுக்கே மார்க்குக் கொடுக்கின்றது. 11ஆம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் இரண்டு வருஷமும் 12ஆம் வகுப்புப் பாடத்தை உருப்போட வைத்த தனியார் பள்ளிகளைத் தடுப்பதற்கென்று 2017-18இல் 11ஆம் வகுப்புக்கும் ஒரு பொதுத் தேர்வு வைக்க வேண்டியதாயிற்று. நோய்க்கு மருந்தாக அதே நோயை இன்னொரு வேளை கொடுத்தது போல்!

அதற்கு மேலும் ஒரு வேடிக்கை. “பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்யாதீர்கள்” என்பதை உபாத்தியாயர்களுக்கு எப்படித் தெரிவிக்கிறார்கள்? பயிற்சி என்று கூப்பிட்டு உட்கார வைத்து, மேடையில் ஏறிப் பிரசங்கம் செய்துதான் தெரிவிக்கிறார்கள். இந்த முறை உங்கள் ஊருக்கு ஒத்து வருமா என்று அவர்களைக் கேட்பதில்லை. உத்தரவு வரும், கீழ்ப்படிய வேண்டும். டூயியையும் மாண்டிசோரியையும்பற்றி நோட்ஸ் எழுதி நெட்டுருப் போட்டுத்தான் அவர்கள் ஆசிரியர் பரீட்சையே தேறினார்கள். அதிகாரியிடம் ஏன் என்று கேட்கின்ற உரிமை இல்லாத உபாத்தியாயர், தன்னிடம் ஏன் என்று கேட்கின்ற உரிமையைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பார்? மேலே இருக்கிறவனுக்குக் கை கட்டுகிறவன் கீழே இருக்கிறவனைக் கை கட்டச் சொல்லுவதுதான் நம் ஜாதி முறையின் தத்துவம். அது பள்ளிக்கூடத்திலும் அப்படியே இருக்கின்றது.

இவ்வளவும் சொன்ன காரணங்கள். சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அது கேள்விக்குப் பயம்.

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். கிரகணப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூமியின் நிழல் சந்திரன் மேல் விழுவது சந்திர கிரகணம் என்று உபாத்தியாயர் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிவிடுகிறார். பிள்ளை எழுதிக்கொள்ளுகின்றது, மார்க்கும் வாங்குகின்றது. சாயங்காலம் அதே உபாத்தியாயர் வீட்டில் கர்ப்பிணிப் பெண்ணை அறைக்குள் வைத்துப் பூட்டி, சோற்றில் தர்ப்பையைப் போட்டு, கிரகணம் விட்டதும் தலை முழுகுகிறார். இந்த இரண்டும் ஒரே மண்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருக்க முடிகிறதே, எப்படி? பிரசங்கம் என்கின்ற முறை இருப்பதால்தான் முடிகின்றது. அந்தப் பாடத்தையே ஒரு விளக்கு, ஒரு பந்து, ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்துப் பிள்ளைகளையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். நிழல் விழுவதைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளை அடுத்த நிமிஷம், “அய்யா, இதில் பாம்பு எங்கே இருக்கிறது?” என்று கேட்கும். பிறகு, “எங்கள் ஆயா ஏன் சோற்றைக் கீழே கொட்டுகிறாள்?” என்று கேட்கும். இன்னும் கொஞ்சம் போனால், “நீங்கள் ஏன் குளித்தீர்கள்?” என்று கேட்கும். அந்தக் கேள்வி வருகின்ற வழியை அடைப்பதற்குத்தான் வாயை ஓயாமல் திறந்து வைத்திருக்க வேண்டியிருக்கின்றது.

கேள்விகளில் சிலவற்றுக்கு, “எனக்குத் தெரியாது, வா பார்ப்போம்” என்று பதில் சொல்ல வேண்டிவரும். விஞ்ஞானி தினம் சொல்லுகின்ற வார்த்தை அது. புரோகிதன் ஒரு நாளும் சொல்லாத வார்த்தையும் அதுதான். உபாத்தியாயர் இவர்களில் யார் பக்கம் என்பதுதான் இப்போதைய விவகாரம்.

இனி, நம்மவர்களிலேயே சிலருக்கு ஒரு சந்தேகம் உண்டு. “கையால் செய்து படிப்பது என்றால் இது 1953இல் ஆச்சாரியார் கொண்டுவந்த குலக்கல்வி அல்லவா? பணக்காரன் பிள்ளை மார்க்கு வாங்க, நம் பிள்ளை அட்டையை வைத்து விளையாடுவதா?” என்கிறார்கள். சந்தேகப்படுவது நல்லதுதான். ஆனால் இரண்டும் நேர் எதிரானவை. குலக்கல்வி பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றது. அப்பன் செய்வதை ஏன் என்று கேட்காமல் திருப்பிச் செய்வதும் ஒரு நெட்டுருதான். வாய் நெட்டுருவுக்குப் பதில் கை நெட்டுரு. அதை ஜனங்கள் எதிர்த்தார்கள். 1954இல் அது ஒழிந்தது. நாம் கேட்பது பிள்ளை எதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது. அப்பன் தொழில் ஏன் இவ்வளவு கேவலப்பட்டது என்பதையும் சேர்த்து.

பிரசங்க முறையால் லாபம் யாருக்கு என்று பாருங்கள். வீட்டில் புத்தகமும், படித்த தாய் தகப்பனும், டியூஷனும் உள்ள பிள்ளைக்கு உபாத்தியாயர் எப்படிச் சொன்னாலும் நஷ்டமில்லை. விட்டதை வீட்டில் பிடித்துக்கொள்ளும். தலைமுறையில் முதல் முதலாய்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த கூலிக்காரன் பிள்ளைக்குத்தான், வகுப்பில் விட்டது விட்டதே. அது கேட்க வாய் திறந்தால் உண்டு. இல்லாவிட்டால் கடைசிப் பலகைதான், பிறகு படிப்பை நிறுத்திக்கொள்ளுவதுதான். அதாவது, வாய் மூடிக் கேட்கின்ற வகுப்பு என்பது முன் பலகைக்காரனுக்கு எழுதாமல் கொடுத்த இடஒதுக்கீடாகும். கொலம்பியா சர்வகலாசாலையில் ஜான் டூயியிடம் பாடம் கேட்ட அம்பேத்கர் அந்த ஆசிரியரைக் கடைசிவரை மதித்ததன் காரணத்தை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். ஜனநாயகத்தையும் கல்வியையும் ஒன்றாய்ச் சேர்த்து 1916இல் புத்தகம் எழுதினவர் டூயி.

ஆகவே, உபாத்தியாயத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்களைத் திட்டுவது நம் நோக்கம் அல்ல. உங்கள் தலையில் கட்டின வேண்டாத வேலைகளை எதிர்த்து நீங்கள் செய்கின்ற கிளர்ச்சி நியாயமானது. அதில் நாமும் உங்கள் பக்கம்தான். ஆனால் சம்பளத்துக்காகச் சங்கம் கூடுகின்ற நீங்கள், முப்பது பேருக்கு மேல் வகுப்பு நடத்த மாட்டோம், நெட்டுருப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய மாட்டோம், எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் முறைகளைச் சுமத்த விட மாட்டோம் என்றும் ஒரு நாள் கூடுங்கள். அதுவரையில், ஒரு மணி நேரத்தில் பாதியையாவது பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள். அதற்கு உத்தரவும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு விளக்கும் பந்தும் போதும்.

சர்க்காரும் உத்தரவு போடுவதைக் குறைத்துக்கொண்டு, உபாத்தியாயரைக் கேள்வி கேட்க விட வேண்டும். பெற்றோர்களும், “வகுப்பில் சத்தமாயிருக்கிறது” என்று புகார் சொல்லப் போகும் முன் அது என்ன சத்தம் என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இது நடக்காதவரை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்கும் புராணம் கேட்க அனுப்புவதற்கும் அதிக வித்தியாசம் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்ளுகிறோம். ஒன்றில் மார்க்கு கிடைக்கும். மற்றொன்றில் சுண்டல் கிடைக்கும்.