பாக்கெட்டுக்குள்ள ஒரு 'சூப்'!

இந்த வாரம் சூப். மெஸ் சூப் இல்ல பாஸ், பயப்படாதீங்க... டேட்டா சூப்!

செங்கல்பட்டுல பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போறீங்கன்னு வெச்சுக்கோங்க. புராஜெக்ட்டுக்காக ஒரு ஸ்தபதியைப் பார்க்கணும். அவர் நம்பர் காண்டாக்ட்ஸ்ல, போகிற தேதி காலண்டர்ல, ஐந்து ரதங்களோட போட்டோ கேலரியில, அவர் சொன்ன அளவுகள் ஏதோ ஒரு நோட்ஸ் ஆப்ல. ஒரே விஷயம், நாலு டப்பா! நோட்ஸ் ஆப்பை டெலிட் பண்ணினா அளவுகளும் கோவிந்தா.

இதுக்கு 1993லயே வைத்தியம் பார்த்திருக்காங்க. அந்த ஆகஸ்ட்ல ஆப்பிள் வெளியிட்ட 'நியூட்டன் மெசேஜ்பேட்', பேனாவால எழுதுற கையடக்கக் கம்ப்யூட்டர். ரேம் வெறும் 640 கேபி. அதுல ஃபைல்னு ஒண்ணே கிடையாது!

ஒவ்வொரு தகவலும் ஒரு ஆப்ஜெக்ட். பேரு 'ஃப்ரேம்'. அதுக்குள்ள பெயர், போன், ஊர்னு குட்டி அறைகள், அதான் 'ஸ்லாட்'. இந்த ஃப்ரேம்கள் கிடக்கிற அண்டாவுக்குத்தான் ஆப்பிள் வெச்ச பேரு 'சூப்'. முகவரிக்கு ஒரு அண்டா, குறிப்புகளுக்கு ஒரு அண்டா. மேட்டர் என்னன்னா, எந்த ஆப் வேணும்னாலும் அதுல கரண்டி விடலாம். சிற்பத்துக்குன்னு நீங்க ஒரு ஆப் எழுதினா, ஸ்தபதியோட முகவரி ஃப்ரேம்லயே 'கல் வகை'னு ஒரு ஸ்லாட்டைச் சேர்த்துடலாம். முகவரிப் புத்தகம் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. டிபிஎம்எஸ் லேப்ல ஒரு காலம் சேர்க்க டேபிளையே மாத்துவோமே, அந்த வேலையே இல்ல!

இன்னும் சூப்பர், 'யூனியன் சூப்'. மெமரி கார்டைச் செருகினா, அதுல இருக்கிற முகவரிகளும் உள்ளே இருக்கிறதும் ஒரே லிஸ்ட்டா தெரியும். எது எங்கே இருக்குன்னு ஆப் கவலைப்படவே வேண்டாம்.

அப்புறம் ஏன் படுத்துடுச்சு? கையெழுத்தைத் தப்பா படிச்சு ஊரே சிரிச்சது, விலையும் 699 டாலர். ஃபைலை மட்டுமே தெரிஞ்ச பிசி-யோட பேசவும் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டுச்சு. 1998 பிப்ரவரியில ஆப்பிள் கடையைச் சாத்திடுச்சு.

எனக்கு உறுத்துறது வேற. அந்த அண்டாவுக்கு மூடியே கிடையாது. எல்லா ஆப்பும் எல்லாத்தையும் படிக்கலாம்! அப்போ கார்டு, கேபிள்னு சின்ன உலகம், ஓகே. இன்னைக்கு டார்ச் ஆப் கூட நம்ம காண்டாக்ட்ஸைக் கேட்குதே... நாலு டப்பா கடுப்புதான், ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூட்டு இருக்கு.

சூப் முழுசா ஆறிடலை மக்களே. 2009ல ஆண்ட்ராய்டு 2.0 வந்தப்போ, வேற வேற அக்கவுன்ட்ல இருக்கிற ஒரே ஆளோட விவரங்களைச் சேர்த்து ஒரே பேரா காட்ட ஆரம்பிச்சது. ஆப்கள் அனுமதி வாங்கிட்டுத்தான் அதைத் தொடணும். கிட்டத்தட்ட யூனியன் சூப்பேதான், மூடி போட்டு!