மூன்றாம் நாள் சுருட்டு

மதுரையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குச் சுற்றுலா கிளம்பிய அந்தக் குடும்பத்தில் ஐந்து பேர். தாத்தா, அப்பத்தா, மகன், மருமகள், பல் மருத்துவம் படிக்கும் பேத்தி. தாத்தாவின் பையில், மாற்று வேட்டிக்கு நடுவே, செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு திண்டுக்கல் சுருட்டும் வந்தது. எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும்.

"சிகரெட்டுதான் கெடுதல். புகையை நெஞ்சுக்குள்ள இழுக்குறானுக. நான் வாயோட விட்டுடுறேன்."

ஐம்பது வருடமாகச் சொல்லும் பதில் அது. கூடவே ஊர்ப் பெருமையும் சேரும். ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல்லே தமிழ்ச் 'சுருட்டு'தான். ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பு துலங்குவது திருச்சி சுருட்டின் சாம்பலை வைத்துத்தான். திண்டுக்கல் பக்கம் வேடசந்தூரில் புகையிலைக்கென்றே 1948-ல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். இவ்வளவு பெருமை உள்ள பொருளைப் போய் யார் குறை சொல்வது?

முதல் நாள் ராமகிருஷ்ணா கடற்கரையில் நிற்கும் குருசுரா நீர்மூழ்கிக் கப்பலைப் பார்த்தார்கள். 2002-லிருந்து அது அருங்காட்சியகம். மூன்றாம் நாள் காலை, மீனவர்கள் வலை உலர்த்தும் பக்கமாக நடந்தபோது, மணலில் பாதி புதைந்து ஒரு கான்கிரீட் அறை தெரிந்தது. கடலைப் பார்த்தபடி நீளவாட்டில் ஒரு துவாரம்.

"என்னடா இது, தண்ணித் தொட்டியா?" என்றார் தாத்தா.

மகன் போனில் தேடிப் படித்துச் சொன்னார். இரண்டாம் உலகப் போரின்போது கடல் வழியாக வரும் எதிரியைச் சுடுவதற்காகக் கட்டிய காவல் அறை. உள்ளே ஆள் துப்பாக்கியோடு இருப்பார். அந்தக் கடற்கரைச் சாலையில் ஒரு பகுதிக்கு இன்றும் 'கோஸ்டல் பேட்டரி' என்றுதான் பெயர். பீரங்கி வைத்த இடம் என்று பொருள்.

பயம் வீண் பயமில்லை. 1942 ஏப்ரல் 5-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம். 9-ம் தேதி திருகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று பேச்சு கிளம்பி, நகரமே பாதி காலியானது.

"எங்க அய்யா சொல்லுவாரு. மெட்ராஸ்காரங்க மூட்டை முடிச்சோட மதுரைக்கு வந்து எறங்குனாங்களாம்" என்றபடி, காவல் அறையின் நிழலில் உட்கார்ந்து தாத்தா ஒரு சுருட்டை எடுத்தார். கடல் காற்றில் தீக்குச்சி நிற்கவில்லை. நான்காவது குச்சியும் அணைந்தது.

அதே நிழலில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா சிரித்தார். அவர் வாயிலும் சுருட்டு இருந்தது. ஆனால் நெருப்பைக் காணோம். உற்றுப் பார்த்த தாத்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எரியும் முனை வாய்க்குள்ளே இருந்தது!

அப்பத்தாவுக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு. மதுரைத் தெலுங்கும் விசாகப்பட்டினத் தெலுங்கும் முட்டி மோதிக்கொண்டு பேசின. இப்படிப் பிடித்தால் காற்றுக்கு அணையாதாம். அவருடைய அம்மாவும் இப்படித்தானாம்.

"இது எங்க பாடத்துலயே இருக்கு தாத்தா" என்றாள் பேத்தி. விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் கடலோரப் பெண்களிடம் தலைமுறை தலைமுறையாக உள்ள பழக்கம் அது. மேலண்ணத்தில் புற்றுநோய் வருவது மற்ற இடங்களில் அபூர்வம். இப்படிச் சுருட்டு பிடிப்பவர்களிடம் அது அபூர்வம் இல்லை.

"பாவம். நல்லவேளை, நான் நேராத்தான் பிடிக்கிறேன்."

"நேராப் பிடிச்சாலும் வாய் வாய்தானே தாத்தா?"

அங்கேயே மணலில் உட்கார்ந்து அவள் விளக்கினாள். சிகரெட் புகையில் அமிலத்தன்மை உண்டு. அதன் நிகோடின் உடம்பில் ஏற நுரையீரல் வரை போக வேண்டும். சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. அதன் நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே ஏறிவிடும். உள்ளே இழுக்காமலே போதை கிடைப்பது அதனால்தான். அந்தப் புகையில் இருக்கும் நஞ்சும் வாயிலேயே தங்கி வேலை செய்யும். பைப் பிடிப்பவர்களுக்கும் இதே கதிதான். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் என எல்லா இடத்திலும் புற்றுநோய் வர பைப்பும் சுருட்டும் காரணமாகின்றன.

தாத்தா கடைசி ஆயுதத்தை எடுத்தார். "நம்ம கருப்பசாமிக்கே சுருட்டுதானே தாயி படைக்கிறோம்?"

"சாமி வாயை டார்ச் அடிச்சுப் பார்க்க வேண்டியதில்லை தாத்தா. உங்க வாயைப் பார்க்கணும். ஆ காட்டுங்க."

போன் வெளிச்சத்தில் பார்த்தவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. மேலண்ணம் சாம்பல் வெளுப்பாகத் தடித்திருந்தது. நடுநடுவே சிவப்புப் புள்ளிகள்.

அதன் பிறகு சுற்றுலாவில் யாருக்கும் மனம் ஒட்டவில்லை. ஊர் திரும்பியதும் மருத்துவமனை. சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அப்பத்தா தாத்தாவிடம் சண்டை போடவே இல்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

புற்றுநோய் இல்லை. பைப், சுருட்டு பிடிப்பவர்களுக்கு வரும் அண்ணப் புண். பழக்கத்தை விட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மாறிவிடும் என்றார் மருத்துவர். விடாவிட்டால் என்ன ஆகும் என்று தாத்தா கேட்கவில்லை. அந்த மீன்கார அம்மாவின் வாய் அவர் கண்ணுக்குள் நின்றது.

வீட்டில் சுருட்டோ பைப்போ பீடியோ பிடிப்பவர், புகையிலை போடுபவர் யார் இருந்தாலும், மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வாய் திறக்கச் சிரமம் இவற்றில் எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணுக்குப் பேசலாம்.

கட்டில் மிச்சமிருந்த சுருட்டை என்ன செய்வது என்று மருமகள் கேட்டார். தாத்தா அதே செய்தித்தாளில் சுற்றி, அடுத்த வெள்ளிக்கிழமை கருப்பசாமி கோயிலுக்குக் கொண்டு போனார். மொத்தக் கட்டையும் சாமி முன்னால் வைத்தார்.

பிரசாதமாக ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார் பூசாரி. தாத்தா திருநீறு மட்டும் வாங்கிக்கொண்டார்.