மரத்தோடு சாகும் மலர்

பூவுக்குப் பேர்போன ஊர் ஸ்ரீரங்கம். தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் வைத்து, அரங்கனுக்கு மாலை கட்டிக் கொடுத்த ஊர். மல்லிகை, முல்லை, துளசி என்றால் அங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் பலருக்குப் பெயரே தெரியாத பூக்களும் தமிழ்நாட்டில் உண்டு. கொல்லிமலை, பச்சைமலை, பழனிமலைக் காடுகளில் பூக்கும் ஆர்க்கிட் மலர்கள் அவை. உலகில் 25 ஆயிரத்துக்கும் அதிகமான ஆர்க்கிட் வகைகள் உள்ளன. இந்தியாவில் மட்டும் 1,200-க்கு மேல்! ஐஸ்கிரீமுக்கு மணம் தரும் வனிலாவும் இந்தக் குடும்பத்துச் செடிதான்.

புல்லுருவி அல்ல

ஆர்க்கிட்டில் தரையில் வளர்வதும் உண்டு. மரக்கிளையில் வளர்வதும் உண்டு. மரத்தில் இருப்பதைப் பார்த்து, 'இது புல்லுருவி' என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் உறிஞ்சாது. மரம் அதற்கு உட்காரும் இடம், அவ்வளவுதான். மழை நீரையும் பனியையும் அதன் வேர்களே பிடித்துக்கொள்ளும்.

மரத்தை வெட்டினால் அந்தச் செடியும் விழுகிறது. வெயிலில் காய்ந்து சாகிறது. மறுபடி மரம் நட்டால் ஆர்க்கிட் வந்துவிடுமா? எளிதில் வராது. ஒரு காயில் லட்சக்கணக்கான விதைகள் இருக்கலாம். ஆனால் அவை தூசி போன்றவை. முளைக்கத் தேவையான உணவு அவற்றில் இல்லை. காட்டில் ஒருவகைப் பூஞ்சை உதவினால்தான் முளைக்கும்.

திருச்சியின் தொண்டு

ஒருவரைக் காணவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுக்கக்கூட அவர் பெயர் வேண்டும். செடிக்கும் அப்படித்தான். பெயர் தெரியாவிட்டால், அது அழிந்ததுகூட யாருக்கும் தெரியாது.

செடிகளின் பெயரை அறியும் பணி திருச்சியில் நடந்திருக்கிறது. செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் 'ரபினாட் ஹெர்பேரியம்' தொடங்கப்பட்டது. தொடங்கியவர் பாதிரியார் கே.எம்.மாத்யூ. செடியை அழுத்திக் காயவைத்து, கெட்டித் தாளில் ஒட்டி, எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி வைக்கும் இடம் இது. சதைப்பற்றான ஆர்க்கிட் பூவை அழுத்தினால் உருவம் கெடும். அதனால் அத்தகைய பூக்களைச் சாராயத்தில் ஊறவைத்துப் பாதுகாப்பது வழக்கம்.

மாத்யூவும் அவருடைய குழுவினரும் காடு மலையெல்லாம் அலைந்து செடிகளைச் சேர்த்தார்கள். சமவெளியையும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளையும் பற்றிய அவரது பெரிய நூல் 1981 முதல் 1988 வரை வெளியானது. பழனிமலைச் செடிகள் பற்றிய நூல் 1999-ல் வந்தது. 2004-ல் அவர் மறைந்தார். அவர் சேர்த்து வைத்த அறிவு மறையவில்லை.

கோடாலிக்கு முன்னே

அந்த அறிவைப் பயன்படுத்த வேண்டும். ரோடு போடவோ, அணை கட்டவோ காட்டை வெட்டத்தான் வேண்டுமென்றால், கோடாலிக்கு முன்னே செடிகளை அறிந்தவர் செல்ல வேண்டும். வனத்துறை அனுமதியுடன் செடிகளை எடுத்து, இடத்தையும் தேதியையும் எழுதிக்கொண்டு, அதேபோன்ற நிழல் மரத்தில் கட்ட வேண்டும். பூத்ததும் பெயரை அறியலாம். ஆர்க்கிட்டுகளை வளர்க்க, ஏற்காட்டில் மத்திய அரசின் தோட்டமே இருக்கிறது.

அழகாக இருக்கிறதே என்று காட்டுச் செடியைப் பிடுங்கி வருவது காப்பாற்றுவது ஆகாது. அது திருட்டு.

மீட்பதைவிட, வெட்டாமல் விடுவது மேல். காட்டில் இருக்கும் வரைதான் அந்தப் பூ தன் சந்ததியைப் பெருக்கும்.