பழமலையிலிருந்து ஒரு பிராது

தமிழ்நாடு இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு மேம்பாட்டுத் துறையின் மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,



விருத்தாசலத்துக்காரர்களுக்கு மனு எழுதுவது புதிய வேலையல்ல. ஊருக்குப் பக்கத்திலேயே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. கொடுத்த கடன் திரும்பாதவர், பங்காளித் தகராறில் நொந்தவர், மாடு காணாமல் போனவர் என்று பலரும் அங்கே வருவார்கள். குறையை வெள்ளைத் தாளில் எழுதி, கட்டணம் செலுத்தி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிராது கட்டுவது என்று பெயர். சொந்த ஊரிலிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து அதற்கும் ஒரு காசு வாங்குவார்கள். 90 நாளுக்குள் குறை தீர்ந்துவிடும் என்பது நம்பிக்கை.

விருத்தாசலத்துப் பெரியவர்களுக்காக எழுதப்படும் இந்தப் பிராது மட்டும் சென்னைக்கு வருகிறது. தூரம் 200 கிலோமீட்டருக்கு மேல்.

குறை இதுதான். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் பள்ளி மாணவர், கல்லூரி மாணவர், பொதுப்பிரிவு, மாற்றுத்திறனாளிகள், அரசு ஊழியர் என ஐந்து பிரிவுகள். பொதுப்பிரிவில் சேர வயது 15 முதல் 35 வரை இருக்க வேண்டும். மறுபக்கம், மூத்தோர் தடகளம் என்று உலகம் முழுக்க நடக்கும் போட்டிகளில் களமிறங்கவே 35 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆக, மாநில அரசின் கதவு சாத்தப்படும் அதே வயதில்தான் மூத்தோர் போட்டியின் கதவு திறக்கிறது. அரசு ஊழியருக்கு வயது வரம்பு இல்லை, நல்லது. ஆனால் அவரும் பணி ஓய்வு பெற்ற மறுநாள் கதவுக்கு வெளியே நிற்கிறார். செராமிக் பட்டறைத் தொழிலாளிக்கும் முந்திரிக்காட்டில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் டீக்கடைக்காரருக்கும் 36-ஆவது பிறந்தநாளோடு கணக்கு முடிந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் தாங்கள் அறிவீர்கள். 2025 நவம்பரில் சென்னை நேரு விளையாட்டரங்கில் ஆசிய மூத்தோர் தடகளப் போட்டி நடந்தது. பல விளையாட்டுகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் தேசிய மாஸ்டர்ஸ் போட்டிகள் 2023 பிப்ரவரியில் வாராணசியிலும் 2024 பிப்ரவரியில் கோவாவிலும் நடந்தன. உலக மாஸ்டர்ஸ் விளையாட்டுகள் 1985-இல் டொராண்டோவில் தொடங்கின. அடுத்து 2027-இல் ஜப்பானின் கான்சாய் வட்டாரத்தில் நடக்கவிருக்கின்றன.

இப்படிப்பட்ட போட்டிகளில் ஓடுபவர்கள் யார்? பஞ்சாபைச் சேர்ந்த மன் கௌர் ஓடத் தொடங்கியபோதே அவருக்கு வயது 93. 2017-இல் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டரை 74 விநாடியில் முடித்தார். அரியானாவின் பகவானி தேவி 2022-இல் பின்லாந்தின் தாம்பெரே நகரில், 94 வயதில், அதே தூரத்தை 24.74 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். குண்டு எறிதலிலும் வட்டெறிதலிலும் வெண்கலம். அதே தாம்பெரேயில் தடை தாண்டும் ஓட்டத்தில் பதக்கம் வாங்கியவர்களில் ஒருவர் எம்.ஜே. ஜேக்கப். கேரளத்தின் பிறவம் தொகுதியில் 2006-இல் வென்று சட்டமன்றம் போனவர். எண்பதைத் தாண்டிய பிறகு தடையையும் தாண்டினார். நம் மாநிலத்திலேயே, 2021-இல் நலவாழ்வுத் துறைக்கு அமைச்சரான மா. சுப்பிரமணியன் அறுபதைக் கடந்தும் அரை மாரத்தான் ஓடியவர். கோட்டைக்கும் இந்தச் செய்தி புதிதல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இனி விருத்தாசலத்துக்கு வருவோம். ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயது 61. செராமிக் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகள் அச்சு ஊற்றியவர். மண் குழம்பை பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு ஈரத்தை உறிஞ்சி ஓரம் பிடிக்கும்வரை காத்திருந்து, மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, பொம்மையை அலுங்காமல் பிரித்து எடுக்கும் வேலை. ஈரம் ஏறிய அச்சு கனக்கும். நாளெல்லாம் அதைத் தூக்கிக் கவிழ்த்த தோளும் மணிக்கட்டும் அவருடையவை. பள்ளிக்கூடத்தில் குண்டு எறிந்தவர், மறுபடி எறிந்து பார்க்க ஆசைப்படுகிறார்.

அவருக்கு என்ன வேண்டும்? 2.135 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். சுண்ணாம்புக் கோட்டில் போட்டால்கூடப் பழகுவதற்குப் போதும். 5 கிலோ குண்டு ஒன்று. எறிவதற்கு முன் குண்டு கழுத்தை ஒட்டி இருக்க வேண்டும், எறிந்த பிறகு வட்டத்தின் பின்பாதி வழியாகத்தான் வெளியேற வேண்டும், ஆர்வத்தில் முன்பக்கம் கால் வைத்துவிட்டால் அந்த எறி செல்லாது என்று சொல்லித்தர ஓர் உடற்கல்வி ஆசிரியர். அவ்வளவுதான்.

அந்தக் குண்டை அரசு புதிதாக வாங்க வேண்டியதுகூட இல்லை. மூத்தோர் போட்டியில் 60 முதல் 69 வயது ஆண்களுக்கு 5 கிலோ குண்டு. 18 வயதுக்குட்பட்ட மாணவனுக்கும் அதே 5 கிலோதான். 50 முதல் 74 வயதுப் பெண்களுக்கு 3 கிலோ. 18 வயதுக்குட்பட்ட மாணவிக்கும் 3 கிலோ. அந்தப் பெண்களின் ஈட்டி 500 கிராம், மாணவியின் ஈட்டியும் 500 கிராம். ஐம்பதுகளில் இருக்கும் ஆண் வீசுகிற ஒன்றரைக் கிலோ வட்டைத்தான் 18-க்குட்பட்ட பையனும் வீசுகிறான். பேரனும் தாத்தாவும் ஒரே குண்டை எறியலாம்; பேத்தி வைத்துவிட்டுப் போன ஈட்டியைப் பாட்டி எடுக்கலாம். அந்தக் குண்டும் ஈட்டியும் பள்ளிகளின் விளையாட்டு அறையில் பூட்டிக் கிடக்கின்றன. அதிகாலை ஐந்தரை மணிக்குச் சாவி கிடைப்பதில்தான் சிக்கல்.

“பிள்ளைகளுக்கே மைதானம் போதவில்லை, இதில் பெரிசுகளுக்கு வேறா?” என்று துறைக்குள் யாரேனும் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பதில் கடிகாரத்தில் இருக்கிறது. பள்ளி மணி அடிக்கும் முன்பே பெரியவர்கள் வீடு திரும்பிவிடுவார்கள். கடலூர் மாவட்டத்து வெயிலில் அதற்குமேல் அவர்களால் நிற்கவும் முடியாது, நிற்கவும் கூடாது.

தயாரிப்பு என்பதைப் பற்றிச் செராமிக் ஊருக்குத் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஈரம் காயாத பச்சைப் பொம்மையைச் சூளையில் வைத்துச் சட்டென்று தீயை ஏற்றினால், உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வழி கிடைக்காமல் பொம்மை வெடிக்கும். ஆயிரம் டிகிரியைத் தாண்டி வெந்த சூளையை அவசரப்பட்டுத் திறந்தாலோ பொருளில் கீறல் ஓடும். மெல்ல ஏற்று, மெல்ல இறக்கு என்பது அங்கே சின்னப் பையனுக்கும் தெரிந்த கணக்கு. அறுபது வயதுத் தொடைத் தசையும் குதிகால் நாரும் கேட்பதும் அந்தக் கணக்கையே. இருபது வயதில் ஐந்து நிமிடம் கைகாலை உதறிவிட்டு ஓடியவர் இப்போது அதற்குப் பல மடங்கு நேரம் உடம்பைச் சூடேற்ற வேண்டும். கடும் பயிற்சிக்கு மறுநாள் ஓய்வு வேண்டும். ஓடி முடித்ததும் அப்படியே உட்காராமல் நடந்து ஆற வேண்டும். இதை அருகில் நின்று சொல்ல ஆளில்லாததால்தான் பலர் ஆர்வத்தோடு வந்து, தசைப்பிடிப்போடு வீட்டுக்குப் போய், அத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

பயன் என்ன என்பதற்கும் சான்று உண்டு. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய 10 பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கால் தசையின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது. அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது தடுமாறி விழாமல் இருக்க உதவும் பயிற்சி. பதக்கத்துக்காகப் பயிற்சி செய்பவர் இதை முழுக்க முடித்துவிடுகிறார், மருந்துச் சீட்டில் எழுதித் தராமலேயே.

பெண்களின் நிலை இன்னும் கடினம். கொலு பொம்மைக்கும் கார்த்திகை அகலுக்கும் பிசிறு தேய்த்து, வண்ணம் தீட்டி, மணிக்கணக்கில் தரையில் சம்மணமிட்டவர்களின் முழங்காலும் இடுப்பும் ஐம்பதுக்குள்ளேயே முரண்டு பிடிக்கத் தொடங்கிவிடும். விடியற்காலையில் புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டு நடப்பவர்களை ஊரில் பார்க்கலாம். நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவதற்கு அவர்களுக்கு விளக்கு வெளிச்சமும், உடை மாற்ற ஓர் அறையும், கழிப்பறையும், கூடவே நாலு பெண்களும் வேண்டும். இவற்றில் முதல் மூன்றை அரசு கொடுத்தால் நாலாவது தானாக வரும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீடு தேடி வந்து பார்க்கிறது. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவிக்கப்பட்டது. 2024-இல் ஊராட்சிகளுக்கெல்லாம் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு போனது. நலிந்த முன்னாள் வீரர்களுக்கு 58 வயதுக்குமேல் மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் இருக்கிறது. மூத்தோர் போட்டிகளில் வாங்கிய பதக்கம் அந்த ஓய்வூதியத்துக்குச் செல்லாது என்ற விதியோடும் யாருக்கும் சண்டையில்லை. இளமையில் நாட்டுக்காக ஆடி நலிந்தவருக்கான பணம் அது. முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் முதலிடம் பெறும் தனிநபருக்குக் கிடைக்கும் ஒரு லட்சம் ரூபாயையும் பெரியவர்கள் கேட்கவில்லை. தங்கள் துறையின் பெயரிலேயே ‘இளைஞர்’ முன்னால் நிற்பதும் தெரிந்ததே.

ஆனால் இது விருத்தாசலம். ‘விருத்த’ என்றாலே முதியது. தேவாரம் பாடிய நாளில் ஊரின் பெயர் முதுகுன்றம், சுவாமி பழமலைநாதர். அங்கே அம்மனும் ஒருகாலத்தில் முதியவள்தான். சிதம்பரம் போகும் வழியில் பசித்துப் படுத்த குருநமசிவாயர் என்ற துறவி, பெரியநாயகியிடம் சோறு கேட்டுப் பாடினாராம். “கிழவியால் சோறும் நீரும் சுமந்துவர முடியுமா?” என்று வந்து கேட்டாளாம் அவள். அவர் இளையவளாகப் பாடினார்; இளையவளாகவே வந்து சோறிட்டாள். அதனால் கோயிலில் பாலாம்பிகையும் இருக்கிறாள். வயதாகிவிட்டது என்று சொல்லி, பிறகு அந்தப் பேச்சை வாபஸ் வாங்கியது அந்த ஊர் அம்மனே.

வேடிக்கையாக ஒன்று உண்டு. மூத்தோர் தடகளத்தில் ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள். ஆண்களுக்கான குண்டின் எடை 60-இல் 5 கிலோவாகவும் 70-இல் 4 கிலோவாகவும் 80-இல் 3 கிலோவாகவும் குறைகிறது. அறுபதாம் கல்யாணம், பீமரத சாந்தி, சதாபிஷேகம் என்று நம் வீடுகளில் விசேஷம் வைக்கும் அதே வயதுகள். 59-இல் இருப்பவர் தன் பிரிவில் மூத்தவர். மாலை மாற்றிக்கொண்ட மறுநாள் அடுத்த பிரிவில் அவர்தான் இளையவர். பிறந்தநாளுக்காக ஆவலோடு காத்திருக்கும் பெரியவர்களை அங்கேதான் பார்க்க முடியும்.

கோரிக்கைகள் மூன்று. முதலமைச்சர் கோப்பையில் 35-க்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு பிரிவு வேண்டும். முதல் ஆண்டில் மாவட்ட அளவில் ஓட்டம், நடை, குண்டு எறிதல் மட்டும் நடந்தாலும் போதும். பரிசுத் தொகைக்குப் பதில் சான்றிதழ் கொடுத்தாலும் போதும்.

இரண்டாவது, விருத்தாசலத்தில் அரசுப் பள்ளி அல்லது கல்லூரி மைதானம் ஒன்று வாரம் மூன்று நாள் காலை ஐந்தரை முதல் ஏழு வரை திறந்திருக்க வேண்டும். மாவட்ட விளையாட்டரங்கம் கடலூரில், சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விடியுமுன் அங்கே போய்வர முடியாது. ஓர் உடற்கல்வி ஆசிரியருக்கு அதற்கான மதிப்பூதியம் தர வேண்டும். களமிறங்க விரும்புபவருக்கு அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி.யும் ரத்த அழுத்தமும் பார்த்து, ஓடலாமா கூடாதா என்று சொல்லும் ஏற்பாடும் வேண்டும்.

மூன்றாவது, தகவல். மூத்தோர் விளையாட்டை நடத்துவதாகச் சொல்லும் அமைப்புகள் நாட்டில் ஒன்றுக்கு மேல் உண்டு. எதில் சேர்வது, எந்தப் போட்டியில் தேர்வானால் அடுத்த கட்டம் எது என்று புரியாமலேயே நுழைவுக் கட்டணம், சீருடை, பயணம் என்று பெரியவர்கள் சொந்தப் பணத்தைப் போடுகிறார்கள். ரயிலில் 60 வயது ஆணுக்கு 40 சதவீதமும் 58 வயதுப் பெண்ணுக்கு 50 சதவீதமும் இருந்த சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறும் முன் தெளிவாகத் தெரிந்துகொள்ள, துறை ஒரு பட்டியலும் நாட்காட்டியும் வெளியிடலாம்.

கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது பலித்தால் பேசாமல் இருந்துவிட மாட்டார்கள். திரும்ப வந்து, குறை தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ராஜினாமா என்று அதற்குப் பெயர். மைதானத்தின் சாவி கைக்கு வந்த அன்று இந்தப் பிராதுக்கும் அப்படியொரு தாள் தங்கள் அலுவலகத்துக்கு வரும். வாசகம் இப்போதே தயார். தேதி மட்டும் எழுதவில்லை.

இங்ஙனம்,
விருத்தாசலத்துப் பெரியவர்களின் சார்பில்