வால் அறுந்தது, வேர்?

தோழனே! உன் பெயரை ஒருமுறை எழுதிப் பார். முன்னே தந்தையாரின் முதலெழுத்து, அடுத்து உன் பெயர், அதற்கும் அடுத்து... ஒன்றுமில்லை! அந்த ஒன்றுமில்லாத இடம் வெற்றிடமன்று, தோழனே, நாம் வென்றெடுத்த இடம்!

1929 பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே தொங்கிய சாதிப் பட்டத்தைத் துறந்திடச் சொல்லிற்று. இராமசாமி நாயக்கர் இராமசாமி ஆனார். மாநாட்டுத் தலைவர் சவுந்தரபாண்டிய நாடார் சவுந்தரபாண்டியன் ஆனார். சட்டம் மிரட்டவில்லை, தண்டனை துரத்தவில்லை, மானம் கேட்டது, மக்கள் தந்தனர்.

பெயரின் வாலில் என்ன இருக்கிறது என்று ஏளனம் பேசுவோர் உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்வெல் எனும் அறிஞர் இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வை அவர்களிடம் காட்டு. இந்திய நாளேடுகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. படிப்பு ஒன்று, தகுதி ஒன்று, பெயர்கள் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்புக் கிடைக்கும் வாய்ப்பு விகிதத்தை ஒன்று என்று கொண்டால், தலித் பெயருக்கு அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு. முஸ்லிம் பெயருக்கோ மூன்றில் ஒன்று! முகம் பார்க்கவில்லை, குரல் கேட்கவில்லை. பெயரைப் பார்த்தே கதவைச் சாத்தினர்.

வேலையோடு நின்றதா கொடுமை? ஆயுளையும் அளந்து பார்த்தனர் ஆய்வாளர். வடபுலத்தையும் கிழக்கையும் சேர்ந்த ஒன்பது மாநிலங்கள். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களின் விவரங்கள். 2022இல் முடிவு வெளிவந்தது. உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினரின் ஆயுள் நான்காண்டுக்கு மேல் குறைவு. தலித் மக்களின் ஆயுள் மூன்றாண்டுக்கு மேல் குறைவு. "ஏழ்மைதானே காரணம்?" என்பாய். அந்த இடைவெளியில் பாதியைக்கூடப் பொருளாதார நிலை விளக்கவில்லை என்கிறது ஆய்வு! அந்த ஒன்பதில் தமிழகம் இல்லை. இல்லை என்பதற்காக இறுமாந்துவிடாதே. இங்கே நோயில்லை என்று அதற்குப் பொருளாகாது.

வா, வடசென்னைக்கு! பெயரைக் கேட்டுச் சாதியை அறிய முடியாதவன் அடுத்த கேள்வியை ஆயத்தமாக வைத்திருக்கிறான்: "எந்த ஏரியா?" காசிமேடு என்றாலும் எண்ணூர் என்றாலும் அவன் புருவம் உயர்கிறது. பெயர் செய்த வேலையை இப்போது முகவரி செய்கிறது. மணலியில் 1969இல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிற்று. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. பின்னும் பல வந்தன. மின்னொளி மாநகருக்கு; சாம்பல் கொசத்தலையாற்றுக்கு! 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தைக் கருக்கியது. அதே திங்கள் 26ஆம் நாள் இரவு, கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா பெரியகுப்பத்து மக்களை உறக்கத்திலிருந்து எழுப்பி ஓடவிட்டது. புகைக்குச் சாதி தெரியாது, தோழனே! புகைபோக்கியை எங்கே நடுவதென்று முடிவு செய்தவருக்கு, அங்கே வாழ்வோர் யார் என்று தெரியாதா?

'காலனி' எனும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்போம். மறுநாளே, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்றது ஒன்றிய அரசு. உடனே சிலர், "பெயரில் வேண்டாம் என்ற சாதி, கணக்கில் மட்டும் எதற்கு?" என்று மடக்குகின்றனர். கேள்வி கூரியதுதான், விடை அதனினும் கூரியது. பெயரில் ஏறிய சாதி ஆதிக்கத்தின் முத்திரை; கணக்கில் ஏறும் சாதி அநீதிக்குச் சாட்சி. காய்ச்சலை வெறுப்பவன் காய்ச்சல் அளக்கும் கருவியை உடைப்பானா?

இங்கிலாந்தின் பிராட்போர்டில் 'நாம் பெஹ்சான்' எனும் கணினி நிரலை உருவாக்கினர். தெற்காசியப் பெயர்களைக் கொண்டே அம்மக்களை மருத்துவப் பதிவேடுகளில் கண்டறிந்து, அவர்தம் நோய்களை ஆராய அது உதவிற்று. நம் பெயரிலோ சாதியைத் தேடினால் கிடைக்காது. நன்று! கிடைக்கவே வேண்டாம்! ஆகவேதான், ஆய்வுக்குத் தேவையானதை அவரவர் ஒப்புதலோடு கேட்டு எழுத வேண்டும். எழுதியதை மறைவாகக் காக்க வேண்டும். ஊர்த்தொகையை மட்டும் வெளியிட வேண்டும். எண்ணூர்க் குழந்தையின் மூச்சையும் அடையாற்றுக் குழந்தையின் மூச்சையும் ஒரே தராசில் நிறுத்துக் காட்ட வேண்டும்.

ராயபுரத்தை அடுத்த ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பர். பதினெட்டாம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்த இடத்தின் வழிவந்தது அது. பலகையில் பெயர் மாறிற்று. வாயிலில் நிற்கும் வரிசை மாறவில்லை. அந்த வரிசையில் நிற்போர் யார், எங்கிருந்து வந்தார், எதனால் நோயுற்றார் என்று கேள், கேட்டதை எழுது, எழுதியதை மன்றத்தில் வை. வாலை அறுத்தவர் நம் முன்னோர். வேரை அறுக்கும் வேலை உன்னுடையது, தோழனே!