மந்த வாயு என்னும் பெயர்

இரசாயன நூலார் மூலகங்களைக் குடும்பங் குடும்பமாக வகுத்துப் பெயரிட்டிருக்கின்றனர். லிதியம், சோடியம், பொட்டாசியம் முதலியன கார உலோகங்கள். நீரொடு கூடிக் காரத்தைத் தருதலின் அப்பெயர் பொருந்தும். புளோரின், குளோரின் முதலியன உப்பீனிகள்; உலோகத்தொடு கூடி உப்பை ஈனுதலின் அதுவும் பொருந்தும். இவை நன்னூலார் கூறும் காரணப்பெயர்களாம். ஆயின் அட்டவணையின் வலக்கோடியில் நிற்கும் ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், ரேடான் என்பவற்றிற்கு நம் பாடநூல்களில் வழங்கி வந்துள்ள 'மந்த வாயு' என்னும் பெயரோ, காரணம் இறந்த பின்னும் தான் இறவாது நிற்பது. அதனைக் கைவிடல் வேண்டுமென்பது எம் கருத்து. யாம் தமிழ் பயில்வோர். சோதனைச் சாலையிற் பழகியவரல்லோம். எனினும் வழக்குச் சொல்லைப் பற்றியதாதலின் பேசத் துணிந்தோம்.

1869-இல் மெண்டலீவ் அமைத்த அட்டவணையில் இக்குடும்பத்திற்கு இடமேயில்லை. காற்றினின்று பிரித்த நைட்ரஜன், பிற பொருள்களினின்று பெற்ற நைட்ரஜனினும் சிறிது கனமாயிருத்தலைக் கண்டு, அதன் காரணத்தை நாடிய ராலேயும் ராம்சேயும் 1894-இல் ஆர்கானைக் கண்டறிந்தனர். அஃது எதனொடுங் கூடாமையின், சோம்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். புளோரினைத் தனியே பிரித்த முவாசான் 1895-இல் அதனை ஆர்கானொடு சேர்த்துப் பார்த்தும் பயனில்லை. செனான் புளோரினொடு கூடுமென 1933-இல் பாலிங் கூறினார். அவ்வாண்டு செய்த சோதனை பலியாமையின், ஏறக்குறைய முப்பதாண்டு அம்முயற்சி கிடந்தது.

1962-இல் கனடா நாட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நீல் பார்ட்லெட் என்பார், பிளாட்டினம் ஹெக்ஸாபுளோரைடு ஆக்சிஜன் மூலக்கூற்றினின்றே எலெக்ட்ரானைப் பறித்துக்கொள்வதைக் கண்டார். செனானினின்று எலெக்ட்ரானைப் பிரிக்க வேண்டும் ஆற்றலும் அவ்வளவே. இரண்டும் ஏறத்தாழ 12.1 எலெக்ட்ரான் வோல்ட்டு. செந்நிற ஆவியையும் நிறமற்ற செனானையும் கலந்தார். கலந்த அளவில் மஞ்சள் கலந்த செந்நிறத் திண்பொருள் தோன்றிற்று! அவ்வாண்டிலேயே செனானும் புளோரினும் நேரே கூடின. பின்னர்க் கிரிப்டானும் கூடிற்று. 2000-இல் ஹெல்சிங்கியில் மிகு குளிரில் ஆர்கானுந் தன் சோம்பலை விட்டது.

இதிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. பார்ட்லெட் ஒப்புநோக்கிய அவ்வெண்கள் முன்னரே நூல்களில் இருந்தன. குடும்பத்தில் மேலிருந்து கீழே வர வர அணு பெருக்கும். புறத்தெலெக்ட்ரான் மேற் பிடி தளரும். ஹீலியத்திற்கு 24.6 ஆகும் அவ்வாற்றல் செனானுக்கு அதிற் பாதியே. அட்டவணை பொய் கூறவில்லை. புறக்கூடு நிறைந்தது வினை புரியாதென்னும் கொள்கையும், அதற்குத் துணைநின்ற பெயருமே கண்ணை மறைத்தன. (மந்தனென்று ஆசிரியர் ஒருமுறை சொல்லிவிட்டால் அம்மாணவனை எவரும் வினாவுவதில்லை; இஃது எம் வகுப்பார் அறிந்ததே.)

'ஆக்சிஜன் என்பதற்கும் அமிலத்தைப் பிறப்பிப்பது என்பதே பொருள். அதுவும் பிழைதானே, அதனை விலக்கினாருண்டோ?' என்பர் சிலர். ஆக்சிஜன் என்னும் ஒலி தமிழ்ச் செவிக்கு இடுகுறியாகவே நிற்கும். அஃது எவரையும் மயக்காது. மந்தம் என்பதோ சிறுவனும் பொருளறிந்த சொல். இனி, 'அரிய வாயு' என்பாருமுளர். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்காய், கரியமில வாயுவினும் இருபது மடங்கு மிக்கிருக்கும் ஆர்கானை அரிதென்பது எங்ஙனம்?

ஈழத்தார் வழங்கும் 'விழுமிய வாயு' என்பதே எமக்கு ஏற்புடைத்து. பொன்னும் விழுமிய உலோகமே. காற்றிலும் நீரிலும் அது மாறாது, இராஜதிராவகத்திலோ கரையும்.