சுவரேறாத நம் நிலம்

நம் தமிழ்ப்பள்ளி ஒன்றில் "இயற்கைக் காட்சி வரைக" என்று கூறிப் பாருங்கள். பெரும்பாலான தாள்களில் ஒரே காட்சிதான் வந்து நிற்கும்: இரண்டு முக்கோண மலைகள், இடையே பாதிக் கதிரவன், கீழே ஓர் ஆறு, கரையில் ஒரு குடிசை. செம்பனைக்கு நடுவே பிறந்து வளர்ந்த பிள்ளையும் இதையே வரைகிறது. தன் கண்முன் கிடக்கும் நிலமும் படமாகத் தக்கது என்று அதற்கு எவரும் காட்டியதில்லை. நம் வீட்டுச் சுவர்களில் தெய்வங்கள் உண்டு. மாலையிட்ட முன்னோர் உண்டு. திருமணமும் பட்டமளிப்பும் உண்டு. நிலம் என்று ஒன்று தொங்குமாயின், அது நாட்காட்டியோடு வந்த சுவிட்சர்லாந்துப் பனிமலை. பள்ளிச் சுவர்களோ அதனினும் வறியவை.

நிலக்காட்சிகளை நிழற்படமாக்கும் பொழுதுபோக்கு உடையோர் நம் ஆசிரியரிடையே இல்லாமல் இல்லை. அவர்களைக் கண்டு, "ஆளே இல்லாத படத்தால் என்ன பயன்?" என்று நகைப்போர் ஒருபுறம், "பொத்தானை அழுத்துவதும் ஒரு கலையோ?" என்று வினவும் எழுத்தாள நண்பர் மறுபுறம். இரு சாராரும் தவறுகின்றனர் என்பதே என் துணிபு.

எழுத்தாள நண்பருக்கு முதலில் விடை கூறுவேன். நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியம் வகுத்ததை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். அவ்விரண்டன்றோ நிலக்காட்சிக் கலைஞனின் மூலப்பொருள்! கமெரா அதன் பின்னரே. பால்மரங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களில் இலை சிவந்து உதிர்க்கும். அச்சில வாரங்களில், காலைப் பனி கலையுமுன் வெயில் சாய்ந்து மரவரிசைக்குள் புகும் சிறு பொழுதே படத்துக்கு உரியது. நண்பகலில் அதே தோட்டம் தட்டையாகிவிடும். அச்சிறு பொழுதுக்காக நான்கு முறை சென்று வெறுங்கையோடு திரும்புவோரும் உண்டு. அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் என்னும் சிற்றூருக்கு மேல் எழுந்த நிலவைப் படமெடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து தம் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகளை உருவாக்கினார். பிற்கால அச்சுகளில் வானத்தை மேலும் கறுக்கச் செய்தார். பொத்தானோடு கலை முடிந்ததாயின், இத்துணை உழைப்பு எதற்கு?

இனி, "ஆளில்லாத படம்" என்போர். செருமானியரான லாம்பர்ட் 1867-இல் சிங்கப்பூரில் படக்கூடம் திறந்தார். அந்நிறுவனம் இவ்வட்டாரக் காட்சிகளைப் படமாக்கி விற்றது. காடழித்துப் பால்மரம் நட்ட நம் பாட்டன்மார் தம் கண்ணால் கண்டு எடுத்த படங்கள் எத்தனை நம்மிடம் உள? அவர்கள் கையில் கமெரா இல்லை. நம் சட்டைப்பையில் இருக்கிறது. பால்மரம் செம்பனையாகிறது, தோட்டம் வீடமைப்புத் திட்டமாகிறது, லயம் இடிகிறது. 1957-இல் மலாயாவில் 800-க்கு மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500-க்குச் சற்று மேல். மறைந்த பள்ளிகளில் பலவற்றைச் சூழ்ந்திருந்த மண் எப்படியிருந்தது என்று நாளை எதைக் காட்டிச் சொல்வோம்? மேலும், மரம் வரிசையாக நிற்கும் ஒரு படத்தில் ஆளே இல்லை என்பது எப்படி? நட்டவன் அவ்வரிசையில் இருக்கிறானே!

படமெடுக்கும் அன்பர்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. போட்டிப் பரிசை எண்ணி அந்திவானத்தையே துரத்துகின்றனர். எடுத்ததைக் கைப்பேசிக்குள் புதைத்தும் விடுகின்றனர். அச்சாகாத படம் படமன்று. 4000-க்கு 3000 புள்ளிகள் கொண்ட படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஏறத்தாழ 13-க்கு 10 அங்குலத்தில் தெளிவாக அச்சிடலாம். சாய்ந்த தொடுவானமும் கருகிய நிழலும் அப்போதுதான் எடுத்தவருக்கே தெரியும். சட்டமிடும்போது கண்ணாடி அச்சைத் தொடாதவாறு நடுவே விளிம்பு அட்டை வைக்கவேண்டும். நம் நாட்டு ஈரக்காற்றில் இரண்டும் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. நேர்வெயில் படும் சுவர் கூடாது. பெரியவர் கண்மட்டத்தில் மாட்டாமல், முதலாம் ஆண்டு மாணவனின் கண்மட்டத்தில் மாட்டுக.

செலவு என்பர். ஒரு நாள் தொங்கி மறுநாள் குப்பைக்குப் போகும் பதாகைக்கு நம்மிடம் பணம் இருக்கிறது.

ஒவ்வொரு படத்தின் கீழும் தோட்டத்தின் பெயர், பிரிவு, நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதுக. "இயற்கையின் எழில்" என்று மட்டும் எழுதவேண்டா.